கலைச்சொல்: 'சுயகாயடிப்பு' வேண்டாம், 'கைத்துறப்பு' சரியா?

அன்பர்களுக்கு,

பாடநூலுக்கான சிலந்திக் கலைச்சொல் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கூடலின்போது ஆண் சிலந்தி தன் உறுப்பை ஒடித்துக்கொள்வதற்குச் 'சுயகாயடிப்பு' என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். காயடித்தால் போவது விதை. சிலந்திக்கு விந்து சுரக்கும் உறுப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆண் சிலந்தி ஒரு சின்ன வலை பின்னி, அதில் விந்தைச் சொட்டவிட்டு, முகத்தருகே உள்ள இரண்டு குறுங்கைகளின் பருத்த முனையில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூடும்போது பெண்ணுக்குள் செலுத்துவது அந்தக் கையைத்தான். ஒடிவதும் அதுதான்.

அப்புறம், காயடித்த காளை சாதுவாகிவிடும். நெபிலெங்கிஸ் மலபாரென்சிஸ் சிலந்தி நேர்மாறு. இரண்டு கையும் போன ஆணால் இனிக் கூட முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் வலையிலேயே காவல் நின்று, வருகிற ஆண்களோடு மூர்க்கமாகச் சண்டை போடும். ஒடிந்த கை பெண்ணின் துளையை அடைத்துக்கொள்கிறது. ஆண் தப்பி ஓடிய பிறகும் அது விந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும் என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. பெண் தன்னைத் தின்றுவிடக்கூடும் என்பதால் பாதியில் ஓடவேண்டிய ஆணுக்கு இது நல்ல ஏற்பாடுதான்.

கை இழந்த ஆணுக்கு 'பேடி', 'அலி' என்றும் பெயர் வைக்க வேண்டாம். இரண்டும் மனிதரை வைய எடுத்த சொற்கள். பாடநூலுக்குள் வரவே வேண்டாம்.

என் முன்மொழிவு: இருபாலுக்கும் பொதுவான அந்தக் குறுங்கை 'முகக்கை', முதிர்ந்த ஆணில் மட்டும் 'விந்துக்கை', அதை ஒடித்து விடுவது 'கைத்துறப்பு'. 'உறுப்பு உதிர்ப்பு' என்றால் பல்லிவாலும் உள்ளே வந்துவிடும்.

டிடாரென் சிசிஃபாய்டிஸ் சிலந்திக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. அதில் ஆணின் இரண்டு கைகளும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 20%. முதிரும் முன்பே ஒன்றைத் தானே முறுக்கிப் பிய்த்துவிடும்; அதன்பின் ஓட்ட வேகம் 44% கூடுவதாக 2004இல் அளந்தார்கள். எனவே 'முன்கைத்துறப்பு' என்று பிரிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் 'முன்கை' என்று வேறு பொருள் வந்து தொலைக்கிறது. 'முதிர்வுமுன் கைத்துறப்பு' நீளம்தான், குழப்பமில்லை.

ஆஸ்திரேலியச் செம்முதுகுச் சிலந்தியை இதில் சேர்க்காதீர்கள். அங்கே ஒடிவது கையின் நுனி மட்டும். அதற்கு 'முனைமுறிவு' போதும். ஆண் குட்டிக்கரணம் போட்டுப் பெண்ணின் வாயருகே தன் உடலைக் கொடுப்பது தனிக்கதை. தின்னப்படும் ஆண் அதிக நேரம் கூடி, அதிக முட்டைகளைக் கருவாக்குகிறது என்று மேடியான் ஆண்ட்ரேட் 1996இல் காட்டினார். அதற்குத் 'தற்பலி' என்பதே என் வாக்கு.

ஆண் போனபின் ஒடிந்த கை தனியே விந்தைச் செலுத்துவதற்குத்தான் சொல் சிக்கவில்லை. 'தொலைப்புணர்ச்சி' என்றால் தொலைபேசி ஞாபகம் வருகிறது. 'விடுகைப் புணர்ச்சி' எப்படி? விட்டுப்போன கை என்ற பொருளில். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.