இரண்டு பேருக்கு மட்டும் செமி-கைடட் ஃபெசன்ட் வேட்டை, சவுத் டகோட்டா: செலவை எப்படிக் குறைப்பது?

இழையைத் தொடங்கியவர்

வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் மினியாபொலிஸில் இருக்கிறோம். நவம்பரில் மூன்று நாள் லீவு போட்டு சவுத் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப் பறவை) வேட்டைக்குப் போகலாம் என்று திட்டம். நான் உரிமம் எடுத்து நண்பர்களோடு மினசோட்டாவில் கொஞ்சம் அலைந்திருக்கிறேன், அவள் இனிமேல்தான் துப்பாக்கியைத் தொடப்போகிறாள். எங்களிடம் நாய் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், எந்த வேட்டை லாட்ஜுக்குப் போன் போட்டாலும் ஆறு பேர், எட்டு பேர் குழுவாக வாருங்கள் என்கிறார்கள். இரண்டு பேர் என்றால் சிலர் எடுப்பதே இல்லை, எடுப்பவர்கள் முழு கைடு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சொல்லும் தொகையைக் கேட்டால் இந்தியாவுக்கே ஒரு டிக்கெட் போட்டுவிடலாம் போல இருக்கிறது. தங்க, சமைக்க நாங்களே பார்த்துக்கொள்வோம். நிலமும் நாயும் மட்டும் யாராவது காட்டினால் போதும். இதைத்தான் செமி-கைடட் என்கிறார்களா? எங்கே, எப்போது போனால் கட்டுப்படியாகும்? இன்னொன்று, எனக்கு எச்1பி வேலை விசா, அவளுக்கு எச்4 துணைவர் விசா. அதில் ஏதாவது பிரச்சினை வருமா?

பதில் (சூ ஃபால்ஸ்காரன்)

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் பணம், இது சட்டம். எச்1பி, எச்4 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதற்கு இருக்கும் விதிவிலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. உங்கள் உரிமம் உங்களுக்கு மட்டும்தான். உங்கள் மனைவி தன் பெயரில் தனியாக எடுக்க வேண்டும், அதுவும் பயிற்சி மைதானத்தில் இரவல் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே. சவுத் டகோட்டாவில் வெளிமாநிலத்தவருக்கான சிறு விலங்கு உரிமம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு ஐந்து நாள் தவணைகளுக்குத்தான் செல்லும், ஆகவே அதை நம்பி அக்டோபரில் பயிற்சிக்குப் போகாதீர்கள். மினசோட்டா உரிமமும் எடுத்து வையுங்கள். 1979க்குப் பிறகு பிறந்தவர் என்றால் அதற்குத் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், அந்தப் படிப்பு அவருக்கு எப்படியும் நல்லது. கடைசியாக ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இதில் சந்தேகமே இருக்கக் கூடாது.

இப்போது செலவு. செமி-கைடட் என்பதற்கு ஒரே அர்த்தம் இல்லை. ஒரு பண்ணைக்காரர் நிலத்தைக் காட்டி வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போவார், இன்னொருவர் முதல் நாள் நாயோடு கூட வந்து, மறுநாள் உங்களை விட்டுவிடுவார். இருவரும் அதே பெயரில்தான் விளம்பரம் செய்வார்கள். நாய் எத்தனை மணி நேரம், எவ்வளவு நிலம், அன்று அதே நிலத்தில் வேறு குழு நடக்குமா, பறவையைச் சுத்தம் செய்ய இடம் உண்டா, குறைந்தபட்ச ஆள் கணக்கு உண்டா, இதையெல்லாம் போனிலேயே கேட்டு, மெயிலிலும் எழுதி வாங்குங்கள். முக்கியமாக, காட்டுப் பறவையா வளர்த்து விட்டதா என்று கேளுங்கள். தனியார் ப்ரிசர்வ்களில், அதாவது பறவையை விட்டுக் காசுக்கு வேட்டையாட விடும் நிலங்களில், செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வேட்டை உண்டு, உரிமமும் வேறு, பறவைகள் பெரும்பாலும் கூண்டில் வளர்ந்தவை. புதிதாகச் சுடுபவருக்கு அதுவும் மோசமில்லை, ஆனால் காட்டுச் சேவலுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுக்காதீர்கள்.

என் கணக்கில் உங்கள் பணம் போக வேண்டியது நாய்க்குத்தான். இரண்டு பேர் மட்டும் நடந்தால் புல்லுக்குள் சேவல் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடியே தப்பிவிடும். அடிபட்டு விழுந்ததைக்கூட நாய் இல்லாமல் தேடி எடுப்பது கஷ்டம்.

பதில் (ஏபர்டீன் அக்கா)

நானும் கணவரும் இரண்டே பேராகத்தான் போகிறோம், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். சீசன் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. தொடக்க வாரம் வேண்டவே வேண்டாம், ரூம் வாடகை ஏறியிருக்கும், பெரிய குழுக்கள் எல்லாம் அப்போதுதான் வரும், மக்காச்சோளமும் அறுவடை ஆகாமல் நிற்கும். நிற்கிற சோளக்கொல்லையை இரண்டு பேர் ஒன்றுமே செய்ய முடியாது. அங்கே ஒரு வரிசை நடந்து வர வேண்டும், மறுமுனையில் ஒரு வரிசை மறித்து நிற்க வேண்டும். நவம்பர் நடுவில், செவ்வாய் முதல் வியாழன் வரை பாருங்கள். அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும், பறவை புல்லுக்கும் சம்புக்கோரைக்கும் வந்துவிடும், வார நாளில் இரண்டு பேரை மறுக்காத பண்ணைகளும் கிடைக்கும்.

எங்கள் வழி இது. முதல் நாள் மட்டும் நாயோடு வரும் ஒருவருக்குப் பணம். அடுத்த இரண்டு நாளும் பொது நிலம். அந்த மாநிலத்தில் வாக்-இன் ஏரியா என்று, தனியார் நிலத்தை அரசே குத்தகைக்கு எடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள், நடந்து மட்டும்தான் போகலாம். மாநிலத்தின் கேம், ஃபிஷ் அண்ட் பார்க்ஸ் (வேட்டை, மீன், பூங்கா) துறையின் வரைபடமே இலவசமாகக் கிடைக்கிறது. சின்னச் சின்ன இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு மூலையில் சம்புக்கோரைப் பள்ளம், பக்கத்தில் அறுத்த சோளக்கொல்லை, அது இரண்டு பேருக்குப் போதும். ஒருவர் ஓரமாகப் போய்க் கடைசியில் சத்தமில்லாமல் நிற்க வேண்டும், மற்றவர் வளைந்து வளைந்து மெதுவாக, நடுநடுவே நின்று நின்று வர வேண்டும். நிற்கும்போதுதான் சேவல் பயந்து எழும்பும். நிற்பவர் எங்கே இருக்கிறார் என்பது நடப்பவருக்கு எப்போதும் தெரிய வேண்டும், அவர் பக்கம் சுடவே கூடாது.

உங்கள் மனைவிக்கு 20 கேஜ் (12 கேஜைவிடக் குழல் சிறியது) துப்பாக்கி கொடுங்கள், ஆனால் தோளில் வைக்கும் பின்கட்டையின் நீளம் அவர் தோளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெண்களுக்கு 12 கேஜ் உதைக்கிறது என்பார்கள், பாதி நேரம் உதைப்பது நீளமான கட்டைதான். ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சு வெஸ்ட் இரண்டு பேரும் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இழையைத் தொடங்கியவர்

அக்கா, சார், ரொம்ப நன்றி. விசா விஷயம் தெரிந்ததே பெரிய உதவி. ரெட்ஃபீல்ட் பக்கமா, மிட்செல், சேம்பர்லின் பக்கமா, எது நல்லது? தோட்டா எது வாங்க? இன்னொரு கேள்வி, சுட்டதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

பதில் (சூ ஃபால்ஸ்காரன்)

ரெட்ஃபீல்ட் இருக்கும் ஸ்பிங்க் கவுண்டியில்தான் 1919ல் அந்த மாநிலத்தின் முதல் ஃபெசன்ட் சீசனே நடந்தது, ஒரே ஒரு நாள். பறவை இப்போதும் அங்கே நிறைய. ஆனால் உங்களுக்கு ரெட்ஃபீல்டா, அந்தப் பக்கமே இருக்கும் ஹ்யூரனா, நீங்கள் சொன்ன மிட்செலா என்பதைவிட, அன்று இரண்டு பேரை எடுக்கும் நாய்க்காரர் எங்கே கிடைக்கிறார் என்பதுதான் முக்கியம். அவரை முதலில் பிடியுங்கள், பிறகு அந்த ஊரில் சமையலறை உள்ள ரூம் தேடுங்கள். கைடு நன்றாக உழைத்தால் டிப்ஸுக்கும் தனியாக ஒதுக்கி வையுங்கள், அதைப் பட்ஜெட்டில் பலர் சேர்ப்பதில்லை.

தோட்டா ஸ்டீல் குண்டுத்துகள் உள்ளதாகவே வாங்குங்கள், துகள் அளவு 3 அல்லது 4ஆம் நம்பர். கூட்டாட்சி அரசின் வாட்டர்ஃபவுல் ப்ரொடக்‌ஷன் ஏரியாக்களில் (நீர்ப்பறவைகளுக்கான நிலங்கள்) ஈயம் கூடாது, மாநிலத்தின் பொது நிலம் பலவற்றிலும் அப்படித்தான். ஸ்டீல் இருந்தால் எங்கே போனாலும் கவலை இல்லை.

காலை 10 மணிக்குத்தான் தொடக்கம், சூரியன் மறையும்போது முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று சேவல், பெட்டையைச் சுடவே கூடாது. வெயில் எதிரே அடிக்கும்போது நிறம் தெரியாது, சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தாழப் பறப்பதைச் சுடாதீர்கள், கீழே நாய் இருக்கும். பறவைக்கு அடியில் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். இது உங்கள் மனைவிக்கு முதல் நாளே மனதில் பதிய வேண்டும்.

பதில் (ஏபர்டீன் அக்கா)

கொண்டுவரும்போது அது சேவல்தான் என்று காட்ட, தலையோ, இறகோடு ஒரு இறக்கையோ, ஒரு காலோ உடம்போடு இருக்க வேண்டும். நாங்கள் ஒரு காலை வெட்டாமல் விட்டுவைப்போம், குதிமுள்ளைப் பார்த்தாலே தெரியும். ஐஸ் பெட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதற்கு நெஞ்சுக்கறியையும் தொடையையும் பிரித்து வையுங்கள். நெஞ்சில் கொழுப்பே கிடையாது, மிளகுப் பொடி போட்டு வெங்காயத்தோடு சட்டென்று பிரட்டி இறக்கினால் நன்றாக இருக்கும், கொஞ்சம் விட்டாலும் வறண்டுவிடும். காலில் குச்சி மாதிரி கெட்டியான நரம்புகள் நிறைய உண்டு, அதனால் குழம்பில் நேரம் கொடுத்து வேகவைத்து, பிறகு உருவிவிடுங்கள். கறியை விரலால் அழுத்திப் பார்த்துக் குண்டுத்துகளை எடுத்துவிடுங்கள், ஸ்டீல் பல்லில் பட்டால் பல் உடையும். துகள் போன வழியில் இறகும் உள்ளே போயிருக்கும், கருப்பாகத் தெரியும் இடத்தைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள்.

இழையைத் தொடங்கியவர்

சரி, முடிவு செய்துவிட்டோம். நவம்பர் நடு வாரம், செவ்வாய்க்கிழமை நாயோடு, அடுத்த இரண்டு நாள் வாக்-இன். அவள் இன்று ராத்திரியே பாதுகாப்புப் படிப்புக்குப் பதிவு செய்கிறாள். ஹ்யூரன், ரெட்ஃபீல்ட் பக்கம் வார நாளில் இரண்டு பேரை அழைத்துப் போகும் நாய்க்காரர் யாராவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.