செட், ரன்: எதற்கு அர்த்தம் அதிகம்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வேலந்தாவளம் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் 'ஷி ரன்ஸ் எ ஸ்மால் ஷாப்' என்று ஒரு வரி கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். பாதிப்பேர் 'அவள் சின்னக் கடைக்கு ஓடுகிறாள்' என்று எழுதியிருந்தார்கள். ரன் என்றால் ஓடு என்று சின்ன வகுப்பிலிருந்தே மனப்பாடம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் செட் வந்தது. சூரியன் மறைந்தாலும் செட், அலாரம் வைத்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட், சாவிக்கொத்தும் ஒரு செட். 'டீச்சர், இதுக்கு ஒரு அர்த்தம் சொல்லுங்க போதும்' என்று ஒரு பெண் கேட்கிறாள், நியாயமான கேள்விதான். இந்த இரண்டில் எதற்கு அர்த்தம் அதிகம், அத்தனைக்கும் அடியில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அர்த்தங்களை வரிசையாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனசில்லை.

குமுளிக்காரன் பதில்:

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் செட்டுக்கு 430 அர்த்தம் சொல்லியிருந்தார்கள். ரொம்ப காலம் அதுதான் முதலிடம், க்விஸ் போட்டிகளில் இன்னமும் பலர் செட் என்றே விடை சொல்வார்கள். மூன்றாம் பதிப்புக்கான வேலை நடக்கும்போது நிலைமை மாறிவிட்டது. 2011இல் ரன் என்ற சொல்லைத் திருத்தி முடித்தபோது, வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 அர்த்தம் வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார்.

ரன் இப்படிப் பெருகியதற்கு இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம். ரயில் வந்தது, மில் வந்தது, கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது, எல்லாமே இங்கிலீஷில் 'ரன்' ஆக ஆரம்பித்தன. ஆனால் 430, 645 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெயித்தது யார் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது டீச்சர். இரண்டும் வேறு வேறு காலத்தில் எண்ணியது. ஆறு ஓடுவதையும் குழாயில் தண்ணீர் ஓடுவதையும் ஒரே அர்த்தமாகக் கொள்வதா இரண்டாகப் பிரிப்பதா என்பது அகராதி போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த எண்கள் ஒரு சுவாரசியத்துக்குப் போதும்.

மீனாட்சிபுரம் பம்ப்செட் பதில்:

எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து உண்டு. ரன் தமிழ்ப் பிள்ளைக்குக் கஷ்டமே இல்லாத சொல், நாம்தான் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்துக் கெடுக்கிறோம். நம் ஊரில் எதெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். வாய்க்காலில் தண்ணி ஓடுது, மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, வியாபாரம் ஏதோ ஓடுது, பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒண்ணும் ஓட மாட்டேங்குது. ரன்னுக்கு இருக்கிற அகலம் 'ஓடு'வுக்கும் இருக்கிறது. பிள்ளைகள் தடுமாறியது அர்த்தத்தில் இல்லை, தன்வினை பிறவினையில். நமக்கு ஓடு தனி, ஓட்டு தனி. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே ரன். பழைய இங்கிலீஷில் அவர்களிடமும் தானாக ஓடுவதற்கு ஒரு வடிவம், ஓட்டுவதற்கு இன்னொரு வடிவம் என்று இருந்தது, நாளடைவில் இரண்டும் ஒன்றாகிப்போனது.

அதனால் 'ரன்' பக்கத்தில் ஓடு, ஓட்டு இரண்டையும் எழுதிப் போடுங்கள். 'ஷி ரன்ஸ் டு த ஷாப்' என்றால் நடுவில் 'டு' இருக்கிறது, அவள் கடைக்கு ஓடுகிறாள். 'ஷி ரன்ஸ் த ஷாப்' என்றால் 'டு' இல்லை, நேராகக் கடை வந்துவிட்டது, அவள் கடையை ஓட்டுகிறாள், அதாவது நடத்துகிறாள். உங்கள் பிள்ளைகள் எழுதியதில் தப்பு அந்த ஒரு 'டு'வில்தான் நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செட் என்ற சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். பம்ப் செட், செட் தோசை, ஷூட்டிங் செட், 'அவங்க எல்லாம் ஒரே செட்டு', ஓணத்துக்குக் கட்டுகிற செட்டு முண்டு. ரன்னை அந்த அளவுக்கு எடுக்கவில்லை. கிரிக்கெட்டில் ரன், பஸ் ரன்னிங்கில் ஏறாதே, இப்படிக் கொஞ்சம்தான். காரணம், ரன் செய்கிற வேலையை 'ஓடு' ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

குமுளிக்காரன்:

கடைசிப் பாராவை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்ப்யூட்டர் படிக்கிற பையன்கள் 'ப்ரோக்ராமை ரன் பண்ணு' என்றுதான் சொல்கிறார்கள், 'ஓட்டு' என்று யாரும் சொல்வதில்லை. மெக்கானிக்கும் 'வண்டி ஒரு நாள் ரன் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். அப்புறம் உங்கள் 'டு' விதி நல்ல விதி, ஆனால் 'ரன் எ ரேஸ்' வந்தால் உடையும். அங்கே பந்தயத்தை ஓட்டவில்லை, பந்தயத்தில் ஓடுகிறார்கள்.

மீனாட்சிபுரம் பம்ப்செட்:

ரேஸ் விஷயம் சரி. ஓடுகிற தூரம், ஓடுகிற பந்தயம் இரண்டையும் விலக்காகச் சொல்லிவிட வேண்டியதுதான். மற்ற இடத்தில் பெரும்பாலும் அந்த விதி நிற்கும். கம்ப்யூட்டரும் சரிதான், ஆனால் அது மெஷினோடு சேர்ந்து வந்த பேச்சு. வயலில் நிற்கிறவர் 'மோட்டார் ஓடுதா பாரு' என்றுதான் கேட்பார், அதை நான் தினம் கேட்கிறேன்.

நகரி நெசவு பதில்:

நாங்கள் ஆந்திரப் பக்கம், வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. 'ஓடு'வை வைத்து எல்லாவற்றையும் சமாளிப்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் சரிப்படும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. தெலுங்கில் படம் நூறு நாள் ஓடாது, ஆடும். 'சினிமா வந்த ரோஜுலு ஆடிந்தி' என்பார்கள். வண்டியை ஓட்ட மாட்டார்கள், 'நடுபு' என்பார்கள், கிட்டத்தட்ட நம் நடத்து. ஒரே வகுப்பில் தமிழ்ப் பிள்ளைக்கு ரன் ஓடுகிறது, தெலுங்குப் பிள்ளைக்கு நடக்கிறது.

ஆனால் டீச்சர் கேட்ட செட்டுக்கு மூன்று மொழியிலும் ஒரே வழி உண்டு, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. தமிழில் 'வை'. அலாரம் வை, விலை வை, கண்ணி வை, பரீட்சைக்குக் கேள்வி வை, தட்டு எடுத்து வை, தீ வை. இங்கிலீஷில் இத்தனையும் செட்தான். தெலுங்கில் 'பெட்டு', அலாரம் பெட்டு, நிப்பு பெட்டு. மலையாளத்தில் 'வய்க்குக', உங்கள் பக்கத்தில் 'தீ வய்க்குக' கேட்டிருப்பீர்கள். இது தற்செயலாக வந்த ஒற்றுமையாக எனக்குப் படவில்லை. செட் என்பது சிட் என்ற சொல்லின் பிறவினை. சிட் என்றால் இரு, செட் என்றால் இருத்து, ஓரிடத்தில் வை. அதிலிருந்துதான் மற்றது கிளைத்தது. வைத்த பொருள் அசையாமல் நின்று இறுகினால் அதுவும் செட், அதனால்தான் சிமெண்டும் தயிரும். சூரியனும் இறங்கிப்போய் உட்காருகிறது.

சாவிக்கொத்து மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. கூட்டம், தொகுதி என்ற அர்த்தத்தில் வருகிற செட் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். ஒருவர் பின்னால் போகிற கூட்டம் என்பது அதன் பழைய பொருள். எழுத்து ஒன்றாகிவிட்டதால் பொருளும் கலந்துவிட்டது. பிள்ளைகளுக்கு உதாரணம் வேண்டுமானால் கூரை ஓட்டைக் காட்டுங்கள், அதுவும் ஓடு, பிள்ளை ஓடுவதும் ஓடு, இரண்டும் வேறு சொல். பம்ப் செட், செட் தோசை, கணக்குப் புத்தகத்தில் வருகிற கணம் எல்லாம் இந்தக் கூட்டச் செட்தான். அதை அவர்கள் ஏற்கெனவே தமிழில் புழங்குகிறார்கள், புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்.

வேலந்தாவளம் டீச்சர்:

ரொம்ப நன்றிங்க. 'வை' எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே போர்டில் எழுதுகிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி. மூக்கு ஒழுகுவதற்கும் ரன் என்கிறார்களே, அது எங்கே சேரும்? அப்புறம் செட் இன், ரன் அவுட் மாதிரி வாலோடு வருவதுதான் பரீட்சையில் கேட்கிறார்கள், அதற்கும் ஓடு, வை போதுமா?

நகரி நெசவு:

மூக்கு பழைய அர்த்தம். ரன்னின் வேரிலேயே ஓடுவதும் ஒழுகுவதும் சேர்ந்தே இருக்கிறது. அதன் உறவான ஜெர்மன் சொற்களில் ரென்னென் என்றால் ஓடு, ரின்னென் என்றால் ஒழுகு. அதனால் ஆறும் குழாயும் மூக்கும் ஒரே இடம்.

மீனாட்சிபுரம் பம்ப்செட்:

வாலோடு வருவதற்குப் போதாது டீச்சர், அதை வாக்கியத்தோடு சேர்த்துத்தான் பழக்க வேண்டும். ரன் அவுட் என்றால் பையன்கள் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார்கள், அதனால் முதல் உதாரணமே 'வீ ரேன் அவுட் ஆஃப் ரைஸ்' என்று கொடுங்கள், அரிசி தீர்ந்துபோச்சு. செட் இன்னுக்கு நம் ஊர் மழை போதும். ஜூன் தொடக்கத்தில் எடவப்பாதி ஆரம்பித்தால் 'மழை பிடிச்சிருச்சு' என்கிறோமே, அதுதான் 'த மான்சூன் ஹேஸ் செட் இன்'. இன்னொரு விஷயம், ரன்னுக்கு இறந்த காலம் ரேன் என்று மாறும், செட்டுக்கு மாறாது, நேற்றும் செட், இன்றும் செட். 'ஹி செட் த அலாரம்' என்று கடைசியில் எஸ் இல்லாமல் வந்தால் அது நேற்று வைத்தது. இதில் மார்க் போகும், ஒரு தடவை சொல்லி வையுங்கள்.