பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனசு: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கரும்பலகை

அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்பு எடுக்கிறேன். காலாண்டு விடைத்தாள் கொடுக்கும் வாரத்தில் வகுப்பில் காலியிடம் கூடும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த இழையை இப்போது தொடங்குகிறேன். நீங்கள் பார்த்ததை, பக்கத்தில் இருந்து கவனித்ததை எழுதுங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி எதுவும் வேண்டாம்.

முதலில் நானே சொல்கிறேன். என் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. அவள் நடிக்கவில்லை, நெற்றி வியர்த்துவிடும். ஸ்கேன் எடுத்தார்கள், குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. சனி, ஞாயிறு வலியே கிடையாது. பயந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், அப்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறையும், வலி உண்மையாகவே வரும் என்று ஒரு மருத்துவர்தான் அவள் அம்மாவுக்கு விளக்கினார். தமிழ் வழியில் பத்தாவது முடித்துவிட்டு ஆங்கில வழி அறிவியல் பிரிவில் சேர்ந்த பிள்ளை அவள். பாடம் புரியாத பயத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலேயே வைத்திருந்தால் வலி நிற்கும், ஆனால் பயம் வளரும். அதனால் முதலில் இரண்டு பீரியட் மட்டும் உட்கார வைத்தோம், அப்புறம் மதியம் வரை, அப்புறம் முழு நாள். இயற்பியல் ஆசிரியர் கலைச்சொற்களைத் தமிழிலும் எழுதிப் போட்டார். அரையாண்டுக்குள் திங்கட்கிழமையும் மற்ற நாளைப் போல ஆகிவிட்டது.

வேப்பமரத்து வீடு

டீச்சர், நான் ஒரு அம்மா. என் மூத்தவனைப் பற்றி எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவன் அழவே இல்லை, கத்தினான். தட்டை நகர்த்தி வைப்பான், தங்கச்சி பேசினாலே எரிந்து விழுவான். சொந்தக்காரர்கள் திமிர் என்றார்கள், ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். கோபத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. கிரிக்கெட் என்றால் சாப்பாடு மறக்கிறவன், மட்டையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டான். நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிட்டால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னான். ராத்திரி ஒரு மணிக்கும் விழித்திருப்பான்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்று அங்கன்வாடி அக்கா சொல்லித்தான் தெரியும். கூட்டிப் போனோம். அந்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் வைத்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அம்மா, நீங்க வெளியே இருங்க" என்றார். அவனிடம் தனியாகப் பேசினார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் வீட்டில் சொல்வேன், மற்றது நமக்குள் என்று அவனுக்கு முதலிலேயே சொல்லிவிட்டாராம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் வாயைத் திறந்தான்.

பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகம் தெரியும், இந்த வயதில் பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும் என்று எனக்கு விளக்கினார். பிடித்ததைக் கைவிடுவது, தூக்கமும் பசியும் மாறுவது, ஆட்களை ஒதுக்குவது, இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிட வேண்டுமாம்.

அப்புறம் தூக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டார். இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும், அதனால் பத்து மணிக்குப் படு என்றால் உடம்பு கேட்காது. ஆனால் தேவையோ 8 முதல் 10 மணி நேரம். விடிகாலை ஐந்து மணிக்கு டியூஷன் வைத்திருந்தோம். அதை மாலைக்கு மாற்றச் சொன்னார். படுக்கிற அறையில் போன் வேண்டாம், சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும் என்றார். வீட்டில் எல்லார் போனும் இப்போது கூடத்தில்தான் இருக்கிறது. அவனுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

உற்சாகம் வந்த பிறகு விளையாடலாம் என்று காத்திருக்க வேண்டாம், முதலில் மைதானத்துக்குப் போய் உட்காரு, போதும் என்று அவனுக்கு வேலை கொடுத்தார். போய் உட்கார்ந்தான். பிறகு அம்பயராக நின்றான். பேச்சு சிகிச்சையோடு மாத்திரையும் தேவைப்பட்டது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரங்களில் கூடவே இருந்து கவனியுங்கள், சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாத்திரை பழக்கமாகிவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தையும் டாக்டரிடமே கேட்டேன், பொறுமையாகப் பதில் சொன்னார். மெதுவாகக் குறைத்து இப்போது நிறுத்தியாயிற்று. மட்டை பரணிலிருந்து இறங்கிவிட்டது. சில நாள் இன்னும் சிடுசிடுப்பான், அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

கிராமச் செவிலியர்

அக்கா எழுதியதைப் படித்ததும் இன்னொரு பக்கத்தையும் சொல்லத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வகுப்பில் தூங்கி வழிகிறாள், எதிலும் நாட்டமில்லை, எப்போதும் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள் என்று கூட்டி வந்தார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே. மாதவிடாயில் அதிகப் போக்கு இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தசோகை இருந்தால் களைப்பு, கவனக்குறைவு, எரிச்சல் எல்லாம் வரும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்!

பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வயிறு புரட்டுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள், டீ, காபியோடு போடாதீர்கள், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் உடம்பில் நன்றாக ஏறும். இந்தப் பெண்ணுக்கு மருத்துவ அதிகாரி தனியாகச் சிகிச்சை கொடுத்தார், தைராய்டும் பார்த்தார். சில மாதத்தில் முகமே மாறிவிட்டது. எல்லாச் சோர்வும் ரத்தசோகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனசைப் பார்க்கும்போது ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டு

பிளஸ் டூ படித்தபோது மாதிரித் தேர்வு நடுவில் எனக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை. அது பீதித் தாக்குதல். வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரல் மரக்கிறது, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும் என்று சொன்னார்கள். அடுத்த தடவை வந்தபோது இந்த விளக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக விட்டேன். பக்கத்தில் இருந்த தோழி "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று சொல்லவில்லை. "நான் இங்கேயே இருக்கேன், சுற்றி என்ன தெரியுதுன்னு ஒவ்வொண்ணா சொல்லு" என்றாள். மின்விசிறி, ஜன்னல், செருப்பு என்று சொல்லச் சொல்லப் படபடப்பு அடங்கியது.

காவிரிக்கரை

விடுதிக் காப்பாளராக வேலை பார்க்கிறேன். பொதுத் தேர்வு முடிவு வந்த நாளில் முன்னாள் மாணவன் ஒருவன் "எல்லாருக்கும் பாரமா இருக்கேன் சார்" என்று செய்தி அனுப்பினான். உடனே போன் செய்தேன். "தம்பி, உயிரை விட்டுவிடலாம்னு நினைக்கிறியா?" என்று நேராகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "ஆமா சார்" என்றான்.

லைனை வைக்காமலே பேசிக்கொண்டிருந்தேன், இன்னொரு போனில் அவன் சித்தப்பாவை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் போய்ச் சேர்ந்ததும் மூன்று பேருமாக 14416-க்குப் பேசினோம். டெலி மானஸ், போனில் மனநல ஆலோசனை தர 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. அந்த ராத்திரி அவனைத் தனியாக விடவில்லை, காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். மகளுக்குப் பதினாறு வயது, அக்கா எழுதியதில் பாதி அப்படியே பொருந்துகிறது. கூட்டிப் போகத் தயார். ஆனால் மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டால் நாளைக்குப் படிப்பு, வேலை, கல்யாணத்தில் அது வந்து நிற்காதா?

கிராமச் செவிலியர்

அண்ணா, நிறையப் பேர் மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வி இது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது உரிமையாகவே இருக்கிறது. பள்ளியோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்டால் மருத்துவமனை சொல்லக் கூடாது. பதினெட்டு வயது ஆகவில்லை என்பதால் பெற்றவர் என்ற முறையில் நீங்கள் கூட இருப்பீர்கள்.

காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கண் டாக்டர், பல் டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். எந்த டாக்டரிடம், எதற்காகப் போகிறோம் என்று முந்தின நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவோடு வர விரும்புகிறாளா, உங்களோடு வர விரும்புகிறாளா என்பதையும் அவளிடமே கேளுங்கள்.