ஓடையில தண்ணியில்லாத ஆடி அமாவாசை: சதுரகிரிக்குக் கயிறு கொண்டு போகணுமா?

கல்லுப்பட்டிப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். டி.கல்லுப்பட்டிப் பக்கத்துப் பசங்க 12 பேர் சேந்து, மூணு வருசமா ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுற தாணிப்பாறை வழியில தொண்டு செய்யுறோம். எங்க வேலை பெரும்பாலும் ஓடையைக் கடக்குற இடத்துல கயிறு பிடிக்கிறதுதான். போன ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாத்திருச்சு. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தோம். மாங்கனி ஓடையில கால் நனையக்கூடத் தண்ணியில்ல. "ஆறு பேர் போதும், கயிறு வீண் சுமை"ன்னு பாதிப் பேர் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சாப்டூர்க்காரன்:
தம்பி, 12 பேரும் போங்க. கூட நாலு பேர் கிடைச்சாலும் கூட்டிட்டுப் போங்க. நான் 17 வருசமா அந்த மலையில தொண்டுக்கு ஏறுறேன். நடக்க முடியாதவங்களை மூங்கில் டோலியில வச்சு அதிகமாத் தூக்கினது தண்ணி ஓடுன வருசத்துல இல்ல, காஞ்ச வருசத்துலதான்.

தண்ணி ஓடுனா சனம் பயந்து நிக்கும், கயித்தைப் பிடிச்சு ஒவ்வொருத்தரா வரும். காஞ்சு கிடந்தா ஓடைக்குள்ளயே இறங்கிக் குறுக்கால நடக்கும். உருண்டைக் கல்லு, பாக்க அசையாத மாதிரிதான் இருக்கும், மிதிச்சதும் புரளும். பாறையில பாசி இல்லையேன்னு நிம்மதியா இருக்காதீங்க, சருகும் பொடி மணலும் சேந்தா பாசியை விட மோசம். அதுவும் ஏறும்போது தெரியாது. தரிசனம் முடிச்சு, முழங்கால் கிடுகிடுன்னு ஆட இறங்கி வர்றப்பதான் வாரிவிடும். அதனால ஆறு பேரைக் காலையில ஓய்வா வச்சிருந்து, மத்தியானத்துக்கு மேல இறக்கத்துல நிறுத்துங்க. நாங்க ஒரு வருசம் எல்லாருமா விடியக்காலையிலயே ஓடியாடிக் களைச்சுட்டோம். மூணு மணிக்கு ஒரு அம்மா கணுக்கால் பிசகி உக்காந்தப்போ தோள் கொடுக்க எங்க ஆளுகளுக்குத் தெம்பில்ல. அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

இன்னொண்ணு. சங்கிலிப்பாறைக்குக் கிட்ட ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். துண்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். சுத்தி இருந்தவங்க சட்டையெல்லாம் காஞ்சிருக்கு, அவர் சட்டை மட்டும் பிழிஞ்சா சொட்டுற மாதிரி. பேர் கேட்டா ஊர் பேரைச் சொல்றார். அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்கணும்னு விரதம், ஆனா சர்க்கரை நோய் மாத்திரையைக் காலையிலயே போட்டுட்டார். வெறும் வயித்துல ரத்தத்துல சர்க்கரை இறங்கிருச்சு. மடியில இருந்த கருப்பட்டியைத் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமா சப்பக் குடுத்தேன். கால் மணி நேரத்துல "தம்பி, நீ எந்த ஊரு?"ன்னு அவரே கேட்டார்.

கயிறு கண்டிப்பா வேணும். அந்த மலைச்சரிவு காஞ்சு கிடந்தா பேஞ்ச மழையை உறிஞ்சாது, அப்படியே வழிச்சு ஓடைக்கு அனுப்பிரும். உச்சியில பெய்யுறது அடிவாரத்துல இருக்குறவனுக்குத் தெரியாது. 2015 மே மாசம் திடீர் வெள்ளத்துல பக்தர்கள் செத்தது இந்த மலையிலதானே? காஞ்ச ஓடையில நிழலாப் பாத்துச் சாப்பிட உக்காருவாங்க. அவங்களை மேல கரைக்கு ஏத்துறதுதான் இந்த வருசம் உங்க முதல் வேலை. சொன்னா சிலர் சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.

மதுரை நர்ஸ்:
அண்ணன் சொன்னதோட ஒரு சின்னத் திருத்தம். சுயநினைவோட விழுங்க முடியுறவங்களுக்கு மட்டும்தான் வாயில இனிப்பு. மயங்கிக் கிடந்தா கருப்பட்டியும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கீழே கொண்டுவர ஏற்பாடு பண்ணி 108-ஐக் கூப்பிடுங்க.

வெயில் தாக்கி உடம்பு அனலாக் கொதிச்சு, ஒருத்தர் உளற ஆரம்பிச்சா அங்கேயே குளிர வைக்கணும். நிழல்ல போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. தூக்கிட்டு ஓடுறது அதுக்கப்புறம். வழக்கமா ஓடைத் தண்ணி கைக்கு எட்டும், இந்தத் தடவை எட்டாது. அதனால குடிக்கிற தண்ணியோட இதுக்குன்னு தனியா சுமந்தாகணும். ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரை கலந்த பொடி) பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி, குறைச்சுக் கலக்காதீங்க. மூணு மணி நேரமா ஏறுறவங்க நெஞ்சைப் பிடிச்சா "வாயுத் தொல்லை"ன்னு விட்டுறாதீங்க, ஒரு அடிகூட நடக்க விடாதீங்க.

வத்திராயிருப்புவாசி:
எங்க பக்கத்து ஆளுகளுக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்றேன். எல்லாம் வத்தினாலும் அங்கங்க ஒரு குழியில கொஞ்சம் தண்ணி நிக்கும். அதுக்குப் பக்கத்துல முகாம் போடாதீங்க. யானையும் மானும் அதைத்தான் நம்பியிருக்கு. இது புலிகள் காப்பகம். கருப்பசாமி பீடத்துல கற்பூரம் ஏத்துறவங்களையும் கவனிங்க, சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கு. 2018-ல குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போனவங்க செத்தது நமக்குத் தெரியும்.

கல்லுப்பட்டிப் பையன்:
ரொம்ப நன்றி. ராத்திரி பசங்களுக்கு இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். 12 பேரும் வர்றாங்க, இன்னும் ரெண்டு பேர் சேந்திருக்காங்க. கயிறு ரெண்டு சுருள், கருப்பட்டி ரெண்டு கிலோ, தண்ணிக்கு ஆளுக்கு ஒரு கேன். சாப்டூர் அண்ணே, டோலிக்கு நல்ல மூங்கில் எங்க கிடைக்கும்? போன வருசக் கம்பு விரிசல் விட்டிருக்கு.

சாப்டூர்க்காரன்:
விரிசல் விட்டதைத் தொடவே தொடாதீங்க. என் வீட்டுல ரெண்டு கம்பு இருக்கு, நெருப்புல வாட்டி வச்சது. புதன்கிழமை சாயங்காலம் வாங்க. தோள் மாத்தி மாத்தித் தூக்குறது எப்படின்னு வாசல்லயே ஒரு தடவை பழகிட்டுப் போகலாம். உங்கள்ல கனமான பையனைக் கூட்டிட்டு வாங்க, அவனை உக்கார வச்சுத்தான் பழகணும்.