மறு: லைக்கனுக்குத் தமிழ்ச் சொல்: கல்பாசியே போதாதா?

வணக்கம் ஐயா,

மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கனுக்கு நம் தோட்டக் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற உங்கள் கடிதத்துக்குப் பதில் இது. என் விருப்பம் 'கல்பாசி'.

> ஆல்காவும் பூஞ்சையும் சேர்ந்தது என்பதால் 'பாசிப்பூஞ்சை' என்பதே பொருத்தம்.

அறிவியல்படி இதில் குறை சொல்ல முடியாது. சுவிஸ் தாவரவியலாளர் ஷ்வெண்டனர் 1867-இல் சொன்னதும் இதைத்தான். ஆனால் சில லைக்கன்களில் ஆல்காவுக்குப் பதில் சயனோபாக்டீரியா (வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா) இருக்கிறது. 2016-இல் பலவற்றின் மேலடுக்கில் ஈஸ்ட்டும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குடியிருப்போர் எல்லாரையும் பெயரில் ஏற்றப் போனால் முடிவே இருக்காது.

என் கவலை வேறு. நம் கையேட்டைப் படிக்கப்போவது நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பேரியும் பிளம்ஸும் வைத்திருப்பவர்கள். கிளையில் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்தாலே நோய் என்று நினைப்பார்கள். பெயரிலும் பூஞ்சை என்று எழுதிவிட்டால் நேரே மருந்துக் கடைதான்! உண்மையில் அது கிளையின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேர் கிடையாது, பட்டையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் மூடுபனியிலும் ஈரம் எடுத்துக்கொள்கிறது. சாப்பாட்டை உள்ளே இருக்கும் ஆல்காவே வெளிச்சத்தில் தயாரித்துவிடும். செடி நலிந்து இலை உதிர்ந்தால் கிளைக்கு வெளிச்சம் கிடைக்கிறது, லைக்கன் பெருகுகிறது. பார்ப்பவர்களோ லைக்கனால்தான் செடி நலிந்தது என்கிறார்கள். கவாத்து செய்து, உரம் வைத்து, செடி தழைத்தால் தானே குறையும்.

> 'கல்பாசி' சமையல் சரக்கின் பெயராயிற்றே?

அதனால்தான் கேட்கிறேன். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி, பார்மோட்ரீமா பேரினத்து லைக்கன். அது மரப்பட்டையிலும் வளர்வதுதான், ஆகவே 'கல்' ஒரு தடையே இல்லை. மளிகைக் கடையில் வாங்குகிற பொருளின் பெயரைக் கேட்டு யாரும் மிரள மாட்டார்கள். அப்புறம், தோட்டத்தில் சுரண்டியதைக் குழம்பில் போடாதீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும். எல்லா வகையும் உண்ணத் தக்கவை அல்ல, மரத்துக்கு அடித்த மருந்தும் அதில் ஊறியிருக்கும்.

வகைகளுக்கும் இது வளைந்து கொடுக்கிறது: பட்டையோடு அப்பியிருப்பது ஒட்டுக்கல்பாசி, மடல் மடலாக விரிவது இலைக்கல்பாசி, தாடிபோல் தொங்குவதும் கிளைத்து நிற்பதும் புதர்க்கல்பாசி.

> மாஸ் என்பதை வெறும் 'பாசி' என்று விட்டுவிடலாமா?

வேண்டாம், குளத்துப் பாசியோடு குழம்பும். மாஸ் ஒரு முழுத் தாவரம், பூஞ்சையோடு கூட்டுக் கிடையாது. கையில் எடுத்தால் குட்டிக் குட்டி இலைகள் தெரியும். 'மெத்தைப்பாசி' என்று வைக்கலாம். சோலைக்காட்டுக் கிளைகளில் தொங்குகிறதே, அது என்ன மெத்தையா என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். இதைவிட நல்ல சொல் வந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம், கல்பாசியை மட்டும் விட எனக்கு மனமில்லை.

தாலஸுக்கு (வேர், தண்டு, இலை என்று பிரியாத லைக்கனின் உடல்) 'உடலம்' போதுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.