5-8-ல் 6 வந்தது தர்க்கமா, ஜோசியமா?

பென்சில்பெருமாள் – ஞாயிறு காலை 7:12

நேற்று ரப்பர் என்கிற தம்பி ஒரு கடினச் சுடோகுவைப் போட்டு, பாதியில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி உதவி கேட்டிருந்தார். அதற்கு கோமதி_நெல்லை எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. "யூனிக் ரெக்டாங்கிள் இருக்கு பாருங்க, 5-8-ல 6, முடிஞ்சது கதை. இதுகூடத் தெரியாதவங்க கஷ்டமான சுடோகு பக்கமே வரக்கூடாது" என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார்.

பார்க்காதவர்களுக்காக. முதல் எண் வரிசை, அடுத்தது நெடுவரிசை. 4-2, 5-2, 4-8 ஆகிய மூன்று கட்டங்களிலும் 3, 8 மட்டுமே மிச்சம். 5-8-ல் 3, 6, 8. அங்கே 6 வராவிட்டால் நான்கு மூலையிலும் வெறும் 3, 8. அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் எல்லாம் சரியாக வரும். அப்போது புதிருக்கு இரண்டு விடை. ஆனால் விடை ஒன்றுதான், ஆகவே 6. இதுதான் அவர் சொன்ன யூனிக் ரெக்டாங்கிள், அதாவது செவ்வகம்.

விடை ஒன்றுதான் என்று யார் சொன்னது? ஒவ்வொரு எண்ணும் வரிசையில் ஒருமுறை, நெடுவரிசையில் ஒருமுறை, 3-க்கு 3 பெட்டியில் ஒருமுறை. விதி மூன்று. நான்காவது விதி எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? எக்ஸ் விங், ஸ்வோர்ட்ஃபிஷ், எக்ஸ்ஒய் விங் என்று வராத எண்களை நீக்கும் முறைகள் எல்லாம் போட்டுப் பழுத்தவன் நான். இந்தக் கொல்லைப்புற வழியில் ஒருநாளும் போனதில்லை. 5-8-ல் 6 என்பது ஊகம்.

கோமதி_நெல்லை – 7:41

காலை வணக்கம் சார். தூக்கம் போனதுக்கு நான் பொறுப்பில்ல, வயசாச்சுன்னா அப்படித்தான்.

பேப்பர்ல மறுநாள் விடைன்னு எத்தனை போடறாங்க? ஒண்ணு. ரெண்டு போட்டு "பிடிச்சதை எடுத்துக்கோங்க"ன்னு எழுதியிருந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. ரெண்டு விடை வந்தா அது சுடோகுவே இல்ல, கட்டம் போட்ட காகிதம். 5-8-ல 6.

பென்சில்பெருமாள் – 7:58

வயதைப் பற்றிப் பேசியதற்கு நன்றி அம்மா. வாதம் தீர்ந்தவர்கள் அங்கேதான் போவார்கள்.

2019 மழைக்காலத்தில் நான் வாங்கும் நாளிதழில் (பெயர் வேண்டாம்) ஒரு எண் அச்சில் விழவில்லை. நானும் உங்களைப்போல ஒருவரும் ஒரே புதிரைப் போட்டோம். எக்ஸ் விங் எல்லாம் முடித்து ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். அவர் செவ்வகம் வைத்து ஜம்மென்று முடித்துவிட்டார். மறுநாள் விடையைப் பார்த்தால் அவர் போட்டதில் நான்கு கட்டம் தப்பு. நான் போட்ட வரைக்கும் ஒன்றுகூடத் தப்பில்லை. எண் விட்டுப்போன புதிரில் எக்ஸ் விங் உங்களை நடுவழியில் நிறுத்தும், அவ்வளவுதான். செவ்வகம் பொய் சொல்லும். இதற்குப் பதில் சொல்லிவிட்டு 6-ஐப் பற்றிப் பேசுங்கள்.

நிரல்ராசா – 8:20

பெருமாள் சார் சொல்றதுல பாயிண்ட் இருக்கு. எக்ஸ் விங்ல நீக்கற எண் எந்த விடையிலயும் வராது. செவ்வகத்துல நீக்கற எண், விடை ஒண்ணா இருந்தாத்தான் வராது. புதிரை முடிக்கற என் சால்வர் நிரல்ல செவ்வகத்தைத் தனி சுவிட்சுல வச்சிருக்கேன், வேணும்னா ஆன் பண்ணிக்கலாம். செவ்வகத்தை வச்சு முடிச்சா விடையைக் கண்டுபிடிச்சீங்க, வேற விடை இல்லைன்னு காட்டல.

ஆனா "ஊகம்"னா என்னன்னு முதல்ல ரெண்டு பேரும் சொல்லிடுங்களேன். அது தெரியாம சண்டை போட்டா முடியாது.

கோமதி_நெல்லை – 8:24

அச்சுப்பிழையை வச்சு வாதம் பண்றீங்களே சார். ஒரு எண் விட்டுப்போகாம தப்பா விழுந்திருந்தா உங்க எக்ஸ் விங்கும் சேர்ந்து கவுந்திருக்கும். அப்ப எக்ஸ் விங்கும் ஊகமா? 5-8-ல 6.

பென்சில்பெருமாள் – 8:31

எக்ஸ் விங்கை இதில் இழுக்காதீர்கள். இரண்டாம் வரிசையில் 7-க்கு 3, 7 ஆகிய இரண்டு நெடுவரிசையில்தான் இடம், ஆறாம் வரிசையிலும் அதே இரண்டில்தான் இடம் என்றால், அந்த இரண்டு நெடுவரிசையிலும் வேறெங்கும் 7 வராது. இது கண்ணால் பார்த்த சாட்சி. உங்கள் 6, கேள்விப்பட்ட சாட்சி.

மதுரைக்காரன்77 – 8:50

அண்ணே, நான் இதே செவ்வகத்தை நேத்து ஒரு புதிர்ல வச்சேன், மொத்தமா ஊத்திக்கிச்சு. 2-1, 2-5, 7-1, 7-5. மூணுல 4, 9, கடைசில 4, 9, 1. 1 போட்டேன். தப்பு. பெருமாள் அண்ணன் சொல்றதுதான் சரி.

கோமதி_நெல்லை – 8:57

தம்பி, நாலு மூலையும் நாலு பெட்டியில கிடக்கு. ரெண்டே பெட்டியில இருக்கணும். நாலு பெட்டின்னா 4-யும் 9-யும் மாத்தினதும் பெட்டி கெட்டுப்போகும், ரெண்டாவது விடையே கிடையாது. நாலுல ஒண்ணு அச்சிலயே கொடுத்த எண்ணா இருந்தாலும் செல்லாது. தெரியாம கத்தியைப் பிடிச்சுட்டு கத்தி மேல பழி போடாதீங்க. ரப்பரோட புதிர்ல 4-ஆம் வரிசையும் 5-ஆம் வரிசையும் ஒரே அடுக்கு. ரெண்டு பெட்டிதான்.

பென்சில்பெருமாள் – 9:05

பார்த்தீர்களா, எத்தனை நிபந்தனை! ரெண்டு பெட்டி, கொடுத்த எண்ணாக இருக்கக்கூடாது, விடை ஒன்றாக இருக்கவேண்டும், அச்சுப்பிழை இருக்கக்கூடாது, அமாவாசையாக இருக்கக்கூடாது.

சும்மா_வந்தேன் – 9:11

உலகச் சுடோகு சாம்பியன்ஷிப்ல ஆடறவங்க பல பேர் யூனிக் ரெக்டாங்கிள் போடறாங்களே சார். 2008-ல கோவாலயும் 2017-ல பெங்களூருலயும் நடந்துச்சு. அவங்க எல்லாரும் ஜோசியக்காரங்களா?

பென்சில்பெருமாள் – 9:19

அங்கே கடிகாரம் ஓடுகிறது தம்பி. கண்ணை மூடி ஒரு எண்ணைப் போட்டு ஜெயித்தாலும் மதிப்பெண் உண்டு, எப்படிப் போட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டப் பந்தயத்தைக் காட்டி நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசாதீர்கள். ஜப்பானில் நிகோலி என்ற புதிர்ப் பத்திரிகைக்காரர்கள் 1984-ல் இதை எடுத்து, கையால் புதிர் செய்து, கொடுக்கும் எண்கள் இருபக்கமும் சமச்சீராக இருக்கவேண்டும் என்று அழகு பார்த்து வளர்த்தார்கள். அந்தப் பாரம்பரியம் வேறு.

கோமதி_நெல்லை – 9:26

அந்த நிகோலிக்காரங்களும் விடை ஒண்ணுதான் இருக்கணும்னுதான் செய்யறாங்க சார். உங்க பாரம்பரியமே என் பக்கம்.

நிரல்ராசா – 9:30

சின்ன திருத்தம். சுடோகு ஜப்பான்ல பிறக்கல. அமெரிக்காவுல ஹோவர்டு கார்ன்ஸ்னு ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் போட்டது, 1979-ல டெல் பத்திரிகையில "நம்பர் ப்ளேஸ்"னு வந்துச்சு. பேர்தான் ஜப்பான். லண்டன் டைம்ஸ்ல 2004 நவம்பர்ல கொண்டுவந்தவர் வெய்ன் கௌல்டு, ஹாங்காங்ல நீதிபதியா இருந்தவர். அவர் கையால செய்யல, கணினி நிரல் எழுதித்தான் செஞ்சார். நீங்க காலையில பேப்பர்ல போடறது அந்த வம்சம்.

மதுரைக்காரன்77 – 9:44

அமெரிக்காவும் இல்ல ஜப்பானும் இல்ல. கஜுராஹோ பார்சுவநாதர் கோயில்ல 4-க்கு 4 கட்டம் செதுக்கியிருக்கு, எப்படிக் கூட்டினாலும் 34. நம்ம ராமானுஜன் போடாத மாயச்சதுரமா? எல்லாம் இங்கிருந்து போனதுதான்.

கோமதி_நெல்லை – 9:49

மாயச்சதுரத்துல கூட்டணும். சுடோகுல கூட்டலே கிடையாது. 1-லேர்ந்து 9-க்குப் பதிலா ஒம்பது காய்கறி வச்சாலும் சுடோகு சுடோகுதான். 5-8-ல கத்திரிக்காய்னு வச்சுக்கோங்க.

மதுரைக்காரன்77 – 9:52

கோயிலையும் கத்திரிக்காயையும் ஒண்ணா வச்சுப் பேசறீங்க. நல்லா இருங்க.

பென்சில்பெருமாள் – 9:58

கோயிலை விடுங்கள். கத்திரிக்காய் வந்தது எப்படி என்பதுதான் கேள்வி. நேர்வழியில் வராத கத்திரிக்காயை நான் சமைக்கமாட்டேன்.

நிரல்ராசா சொல்லும் கணினி வம்சத்தைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். எது கையால் செய்தது, எது இயந்திரம் துப்பியது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

கோமதி_நெல்லை – 10:06

சார் நிபுணத்துவம் நமக்குத் தெரியாததா? போன தீபாவளிக்கு "16 எண் மட்டும் கொடுத்த புதிர் என்னிடம் இருக்கிறது"ன்னு எழுதினீங்களே, அது எங்க சார்? பொங்கலுக்குள்ள போடறேன்னீங்க. பொங்கலும் போச்சு.

பென்சில்பெருமாள் – 10:15

அது தட்டச்சுப் பிழை.

நிரல்ராசா – 10:17

மூணு பதிவுல தட்டச்சுப் பிழையா சார்? 17-க்குக் கீழ எண் கொடுத்தா ஒரே விடை வர்ற புதிர் கிடையாதுன்னு டப்ளின்ல கேரி மக்வயர் குழு 2012 ஜனவரியிலயே காட்டிட்டாங்க. திருப்பிப் போட்டது, எண்களை மாத்திப் போட்டது எல்லாம் ஒண்ணுன்னு வச்சா முழுசா நிரப்பின சுடோகு மொத்தம் 547 கோடியே சொச்சம். அத்தனையிலயும் 16 எண் புதிர் இருக்கான்னு தேடினாங்க. கணினி நேரம் 70 லட்சம் மணிக்கு மேல.

பென்சில்பெருமாள் – 10:29

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வது நிரூபணமா? என் பாட்டிகூட மூக்குக் கண்ணாடியை அப்படித்தான் தேடுவாள். அதுவும் ஒருவகை ஊகம்தான்.

நிரல்ராசா – 10:33

துழாவினதும் ஊகம், செவ்வகமும் ஊகம். நீங்க போடற சங்கிலி மட்டும்? "இங்க 2 வந்தா அங்க 5, அங்க 5 வந்தா இங்க 2 வராது"ன்னு பத்து கட்டம் ஓடறீங்களே. நிஷியோ முறையும் அதுதான், ஒரு எண்ணை வச்சுப் பார்த்து முட்டுதான்னு பார்க்கறது. பென்சில்ல செஞ்சா ஊகம், மனசுக்குள்ள செஞ்சா தர்க்கமா?

பென்சில்பெருமாள் – 10:41

நான் சங்கிலியை மனதில்தான் போடுவேன். ரப்பரே வைத்துக்கொள்வதில்லை.

சும்மா_வந்தேன் – 10:43

அப்புறம் எதுக்கு சார் பேர் பென்சில்பெருமாள்? பேனாபெருமாள்னு வச்சிருக்கலாமே.

பென்சில்பெருமாள் – 10:46

பெயரைக் கிண்டல் செய்பவர்களுக்குப் பதில் இல்லை. நிர்வாகிகள் கவனிக்கவும்.

நிரல்ராசா – 11:20

சரி, உட்கார்ந்து பார்த்துட்டேன். இந்தப் புதிருக்குச் செவ்வகமே தேவையில்ல. 6-ஐ மட்டும் பாருங்க. எட்டாவது நெடுவரிசையில 6-க்கு 5-8, 9-8 ரெண்டே இடம். மூணாவது நெடுவரிசையில 4-3, 9-3 ரெண்டே இடம். ஐந்தாம் வரிசையில 5-1, 5-8 ரெண்டே இடம்.

5-8-ல 6 இல்லைன்னா 9-8-ல 6. அப்ப 9-3-ல இல்ல, 4-3-ல 6. 4-3-யும் 5-1-உம் ஒரே பெட்டி, அதனால 5-1-ல 6 இல்ல. அப்ப ஐந்தாம் வரிசைக்கு 6 எங்க போகும்? 5-8-தான். இல்லைன்னு வச்சு ஆரம்பிச்சாலும் இருக்குன்னு வந்து நிக்குது. மூணே கண்ணி. விடை ஒண்ணா ரெண்டான்னு கேட்கவே வேண்டாம்.

கோமதி_நெல்லை – 11:22

ஆக 6. நேத்து ராத்திரியே சொன்னேன். நன்றி, வணக்கம்.

பென்சில்பெருமாள் – 11:24

ஆகச் செவ்வகம் தேவையில்லை. காலை 7:12-க்கே சொன்னேன். நன்றி, வணக்கம்.

கோமதி_நெல்லை – 11:27

நீங்க "5-8-ல் 6 என்பது ஊகம்"னுதான் எழுதினீங்க சார். செவ்வகம் தேவையில்லைன்னு எழுதல. மேல போய்ப் படிச்சுப் பாருங்க.

பென்சில்பெருமாள் – 11:35

நீங்கள் சொன்ன 6 ஊகம்தான். நிரல்ராசா சொன்ன 6 தர்க்கம். எண் ஒன்றாக இருந்தால் போதுமா? பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாலும் விடை சரியாகத்தான் இருக்கும்.

கோமதி_நெல்லை – 11:38

20 நொடியில நான் பார்த்ததை நாலு மணி நேரம் இழுத்து, கடைசில இன்னொருத்தர் போட்ட சங்கிலியைப் பிடிச்சுத் தொங்கறீங்க. நீங்களே ஏன் சார் அந்தச் சங்கிலியைப் பார்க்கல? மனசுக்குள்ள போடறவராச்சே.

பென்சில்பெருமாள் – 11:52

பார்த்தேன். மற்றவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தேன்.

சும்மா_வந்தேன் – 11:53

:-)

பென்சில்பெருமாள் – 12:10

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆர்ட்டோ இன்கலா என்ற பின்லாந்துக் கணிதக்காரர் 2012-ல் ஒரு புதிர் போட்டார், உலகிலேயே கடினமானது என்று பத்திரிகைகள் எழுதின. கோமதி அவர்கள் அதைச் செவ்வகம் வைத்து முடித்துக் காட்டட்டும், நான் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

நிரல்ராசா – 12:16

அதுல 21 எண் கொடுத்திருக்கார், நம்ம 17-ஐவிட நாலு அதிகம், ஆனாலும் பாறை. எண்ணிக்கைக்கும் கடினத்துக்கும் சம்பந்தம் கம்மி. அதுல உங்க எக்ஸ் விங்கை வச்சுட்டு உட்கார்ந்தாலும் காபி ஆறிப்போகும் சார்.

பென்சில்பெருமாள் – 12:19

எக்ஸ் விங்கை இதில் இழுக்காதீர்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மதுரைக்காரன்77 – 12:40

கஜுராஹோ பத்தி யாரும் பதில் சொல்லல, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரப்பர் – 2:05

எல்லாருக்கும் வணக்கம். காலையிலேர்ந்து வெளியில போயிருந்தேன், இப்பதான் பார்க்கறேன், இவ்ளோ பேர் உதவி பண்ணியிருக்கீங்க. 5-8-ல 6 போட்டுட்டேன். இப்ப மூணாவது நெடுவரிசையில 6, 4-3-லயா 9-3-லயான்னு தெரியாம நிக்கறேன். யாராச்சும் சொல்லுங்களேன்.

பென்சில்பெருமாள் – 2:09

தம்பி, முதலில் 5-8-ல் அந்த 6-ஐ எப்படிப் போட்டீர்கள், செவ்வகத்திலா சங்கிலியிலா? செவ்வகம் என்றால் அழித்துவிட்டு வாருங்கள்.