புதுப்பிப்பு: மூன்று மாத இருமல், ஆஸ்துமாவா அலர்ஜியா?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, படுத்தால் கூடும் வறட்டு இருமல், பக்கத்து வீட்டு அக்கா "இது வீசிங்தான்" என்று பயமுறுத்தியது? நெஞ்சு டாக்டரைப் பார்த்தாச்சு.

ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் டெஸ்ட்) எடுத்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று டெஸ்ட் எடுத்த பெண் கத்த, எனக்குக் கண்ணே இருட்டியது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி. முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாயுமாம். எனக்கு 3 சதவீதம்தான்.

அதை மட்டும் வைத்து ஆஸ்துமா இல்லை என்றும் சொல்ல முடியாதாம். இருமலை மட்டுமே காட்டும் ஆஸ்துமாவும் உண்டு. அதனால் இரண்டு வாரம் காலை மாலை பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) ஊதி நோட்டில் எழுதினேன். ஆஸ்துமா என்றால் அளவு நிறைய ஏறி இறங்குமாம்; எனக்குப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையின் பின்சுவரில் மூக்குச் சளி வழிந்துகொண்டிருந்தது. இருமலும், காலையில் வரும் தும்மலும் கனைப்பும் அதனால்தான் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்தார். (முனையை நடுச்சுவர் பக்கம் வைக்காதீர்கள், காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். முதல் வாரம் நான் தப்பாக அடித்து ரத்தம் கசிந்தது.) மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி தூங்குகிறேன். பகலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி போகணும்.